பேனா முனையும் எறும்பும்: மேக்ரோவுக்கு ஐந்து வழிகள், எது யாருக்கு?

மேக்ரோ (சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாக்கி எடுக்கும் படம்) எடுக்க ஆசை வந்தவர் முதலில் கேட்பது "எவ்வளவு பெரிசாத் தெரியும்?" என்றுதான். அதற்கு விடை லென்ஸ் வந்த பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். அவ்வளவாக யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: முன்கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவில் எத்தனை செ.மீ. மிஞ்சும்? படம் தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வெளிச்சம் உள்ளே வர வேண்டியது அந்த வழியாகத்தான். பூச்சி மிரள்வதும் அது குறையும்போதுதான்.

ஆகவே இந்த அலசலுக்கு இரண்டே பொருள்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, மேசைமேல் கிடக்கும் பால்பாயின்ட் பேனாவின் முனை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அசையாமல் காத்திருக்கும். மற்றது, சுவரில் ஊரும் ஐந்து மி.மீ. எறும்பு, ஒரு நொடி நிற்காது.

அளவைப் பற்றி முதலில் கொஞ்சம். பொருளும் சென்சாரில் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு) விழும் பிம்பமும் ஒரே அளவாக இருந்தால் அது 1:1. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ.; அதில் 1:1-இல் எடுத்தாலும் நம் எறும்பு படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான். சுமார் 23.5 மி.மீ. அகலமுள்ள ஏபிஎஸ்-சி சென்சாரில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரும். மேக்ரோவைப் பொறுத்தவரை சின்ன சென்சார் ஒரு குறையே இல்லை.

கையில் ஏற்கெனவே இருப்பது போன், அதிலிருந்து தொடங்கலாம். போன் மேக்ரோவில் இரண்டு ஜாதி. தனியாக 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா என்று பின்பக்கம் ஒட்டியிருப்பது பெரும்பாலும் எண்ணிக்கை காட்ட வைத்தது, அதை மறந்துவிடுங்கள். அல்ட்ரா வைடு லென்ஸிலேயே ஆட்டோஃபோகஸ் கொடுத்து நெருங்க விடுவது இரண்டாவது வகை. 2021-இல் வந்த ஐபோன் 13 புரோ இரண்டு செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்தது; அதற்குப் பிறகு பல நிறுவனங்களின் போன்களிலும் இது சகஜம். சென்சார் மிகச் சிறியது என்பதால் பெரிய கேமராவைவிட அதிக ஆழம் கூர்மையாக விழும், இது பெரிய வசதி. ஆனால் இரண்டு செ.மீ. தூரத்தில் போனின் நிழலே பேனா முனைமேல் கவிந்துவிடும்; பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் வரும்படி திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். எறும்பு? போன் வருவதற்குள் சுவரின் மறுகோடியில் இருக்கும். இலை நரம்பு, துணியின் நெசவு, ஜிப்பின் பற்கள் போன்றவற்றுக்குப் போன் தாராளமாகப் போதும். ஆர்வம் நிலைக்கிறதா என்று இதில் பார்த்துக்கொண்டு பிறகு காசை வெளியே எடுக்கலாம்.

அடுத்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: குளோசப் ஃபில்டரும் எக்ஸ்டென்ஷன் டியூபும். கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒன்றுக்கு மற்றது மாற்று என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் இரண்டும் நேர் எதிர்.

குளோசப் ஃபில்டர் என்பது லென்ஸின் முன்னால் மாட்டும் ஒரு பூதக்கண்ணாடி. பவரை டயாப்டரில் சொல்வார்கள். +4 என்றால் அதன் ஃபோகல் லென்த் (குவியத் தூரம்) 25 செ.மீ., +8 என்றால் 12.5 செ.மீ. லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் (வெகு தூரத்தில்) வைத்தால், கண்ணாடியிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில் பொருள் கூர்மையாகும். எந்த லென்ஸில் மாட்டினாலும் இந்த இடைவெளி மாறாது. பெரிதாக்கம் மட்டும் மாறும்: லென்ஸின் ஃபோகல் லென்த்தை ஃபில்டரின் ஃபோகல் லென்த்தால் வகுத்தால் கிடைப்பது. +8 ஃபில்டரை 50 மி.மீ. லென்ஸில் போட்டால் 0.4 மடங்கு, 200 மி.மீ.-இல் போட்டால் 1.6 மடங்கு. டெலி ஜூம் (தூரத்துப் பொருளை அருகே கொண்டுவரும் லென்ஸ்) வைத்திருப்பவருக்கு இது யோகம். ஒரு சாமான்ய 55–250 ஜூம், முன்னால் ஒரு நல்ல +8, அவ்வளவுதான். எறும்பிலிருந்து அரைச் சாணுக்குச் சற்று அதிகமாக விலகி நின்றுகொண்டே 1:1-ஐத் தாண்டிவிடலாம், ஜூமைத் திருப்பினால் அளவும் கூடிக் குறையும்.

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. +1, +2, +4, +10 என்று நான்கைச் சேர்த்து விற்கும் செட்டுகள் ஒற்றைக் கண்ணாடியால் ஆனவை. பேனா முனையின் பளபளப்பான விளிம்பில் ஊதாவும் பச்சையுமாக நிறம் வழியும், ஓரங்கள் குழைந்துபோகும். அக்ரோமேட் எனப்படும், ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைச் சேர்த்து நிறப்பிழையைத் திருத்திய ஃபில்டரே வாங்குங்கள். ரேநாக்ஸ் டிசிஆர்-250 அமெச்சூர்களிடம் இவ்வளவு பரவியதற்குக் காரணம் அதுதான்: +8 பவர், 52 முதல் 67 மி.மீ. வரையிலான ஃபில்டர் வாய்களில் கவ்வும் கிளிப். பட்டாம்பூச்சி வந்தால் மாட்டலாம், பறந்ததும் கழற்றலாம்.

டியூபில் கண்ணாடியே கிடையாது, வெறும் உருளை. லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைப்பது ஒன்றே அதன் வேலை. தள்ளிய நீளத்தை லென்ஸின் ஃபோகல் லென்த்தால் வகுத்தால் வருவதுதான் கூடுதல் பெரிதாக்கம். ஃபில்டர் கணக்கில் மேலே இருந்த லென்ஸ் இங்கே கீழே போய்விட்டதைக் கவனியுங்கள். வழக்கமான 12, 20, 36 மி.மீ. செட்டை முழுதாக அடுக்கினால் 68 மி.மீ.; 50 மி.மீ. லென்ஸில் அது 1.36 மடங்கு, 200 மி.மீ. லென்ஸில் 0.34 மட்டும். பெட்டியில் 50 எஃப்/1.8 லென்ஸ் மட்டும் இருப்பவர் டியூப் பக்கம் போகலாம், டெலி வைத்திருப்பவர் போக வேண்டாம். பதிலுக்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். ஒன்று வெளிச்சம்: 1:1-இல் எஃப்/8 (வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சுருங்கும்) என்று வைத்தது எஃப்/16 போல நடந்துகொள்ளும், இரண்டு ஸ்டாப் போச்சு, அதாவது வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். மற்றது இடைவெளி: 50 மி.மீ. லென்ஸில் 1:1-க்குப் போனால் பொருள் பத்து செ.மீ.க்குள் வந்துவிடும். மின்தொடர்பு இல்லாத வெறும் உலோக டியூப் மலிவாகக் கிடைக்கும். இன்றைய லென்ஸ்களில் அதைப் போட்டால் அப்பர்ச்சரை, அதாவது அந்தத் துவாரத்தை, மாற்றவே முடியாது. அந்தச் சிக்கனம் வேண்டாம்.

நான்காவது, லென்ஸையே தலைகீழாகத் திருப்பி ரிவர்ஸ் ரிங்கில் மாட்டுவது. எனக்குப் பிடித்த கிறுக்குத்தனம் இது. செலவு ஒரு வளையம்தான். கேமராவோடு வந்த 18–55 லென்ஸைத் திருப்பினால், 55-இல் ஏறக்குறைய 1:1 கிடைக்கும். 18-க்குக் கொண்டுபோனால் மூன்று மடங்கைத் தாண்டும். அந்த அளவில் பேனா முனை வேறு பொருளாகிவிடுகிறது. கூம்பைக் கடைந்த கருவியின் வரிகள் வட்டம் வட்டமாகத் தெரியும். ஒரு மி.மீ.க்கும் குறைவான அந்தக் குண்டு, பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு, கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்ததற்கு மாறாக மேல்தோல் லேசாகச் சொரசொரக்கும். குண்டும் கூடும் சேரும் இடத்தில் காய்ந்த மை சுருங்கி ஆடைபோல் படிந்திருக்கும்.

ஆனால் இடைவெளி? எஸ்எல்ஆர் (உள்ளே ஆடி வைத்த கேமரா) லென்ஸைத் திருப்பினால் அதன் பின்பக்கத்திலிருந்து நான்கைந்து செ.மீ.தான் கிடைக்கும். எறும்புக்கு இது சரிவராது. பின்கண்ணாடி வேறு காப்பில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்பர்ச்சரும் தலைவலி. கேனான் இஎஃப் லென்ஸ் கழற்றினால் முழுக்கத் திறந்தே நிற்கும். தேவையான அப்பர்ச்சரை வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு (கூர்மையின் ஆழத்தை முன்கூட்டியே காட்டும்) பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் இதழ்கள் அதே நிலையில் நின்றுவிடும் என்பது பழைய தந்திரம். அப்பர்ச்சர் வளையமுள்ள பழைய லென்ஸ் கிடைத்தால் இந்தக் கூத்து எதுவும் தேவையில்லை.

கடைசியாக, எல்லோரும் முதலில் நினைக்கும் மேக்ரோ லென்ஸ். தரத்தில் இதை மற்றவை எட்ட முடியாது: மூலைவரை தட்டையான கூர்மை (தபால்தலை, நாணயம் எடுப்பவருக்கு இது முக்கியம்), முடிவிலியிலிருந்து 1:1 வரை எதையும் கழற்றி மாட்டாமல் ஃபோகஸ். ஆனால் மேக்ரோ லென்ஸ் எல்லாம் ஒன்றல்ல. பெட்டியில் போட்டிருக்கும் "குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 30 செ.மீ." என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது சென்சாரிலிருந்து அளந்தது. 100 மி.மீ. மேக்ரோவில் 1:1-இன்போது கண்ணாடிக்கு முன் மிஞ்சுவது அதில் பாதி போலத்தான். 60 மி.மீ.-இல் பத்து செ.மீ.க்கும் கீழே போய்விடும். மேசைப் பொருளுக்கு நல்லது, உயிருள்ளதற்கு இம்சை. 180 மி.மீ. தூரம் தரும், கை வலியும் தரும். நடுவில் இருக்கும் 90–105 மி.மீ. ரகம் ஓடுவதற்குக் காரணம் உண்டு. கேனானின் எம்பி-இ 65, 1999-இல் வந்தது, ஐந்து மடங்குவரை போகும். ஆனால் 1:1-க்குக் கீழே ஃபோகஸே ஆகாது; அதை வாங்கி மேக்ரோ பழகத் தொடங்குவது வீண் வம்பு.

சரி, என் தீர்ப்பு. டெலி ஜூம் இருந்தால் அக்ரோமேட் ஃபில்டர், வேறு பேச்சே இல்லை. 50 மட்டும் இருந்தால் மின்தொடர்புள்ள டியூப். எறும்பே வேண்டாம், பேனா முனையும் கடிகாரச் சக்கரமும் போதும் என்றால் ரிவர்ஸ் ரிங். மேக்ரோ லென்ஸை இவற்றில் ஏதாவது ஒன்று அலுத்த பிறகு வாங்குங்கள். எந்த இடைவெளி தேவை என்பது அதற்குள் கைக்கே தெரிந்திருக்கும்.

எதை மாட்டினாலும் கூர்மையின் ஆழம் பிடிவாதமாகக் குறைவுதான். ஃபுல் ஃபிரேமில் 1:1, எஃப்/8 என்றால் சுமார் ஒரு மி.மீ. எஃப்/16-க்குப் போனால் இரண்டாகும், ஆனால் சிறுத்த துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்கவே லேசாக மழுங்கும். பேனா முனைக்கு ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து அடுக்கிச் சேர்க்கலாம். எறும்புக்கு ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உங்கள் உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, அதன் கண் கூர்மையாகும்போது அழுத்த வேண்டியதுதான். டிரைபாட் எல்லாம் விரிப்பதற்குள் அது போய்விடும்.

மிச்சமிருக்கும் காசு ஃபிளாஷுக்கு. குறைந்த பவரில் அது மின்னும் நேரம் ஒரு நொடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான், எறும்பின் ஓட்டமும் உங்கள் கை நடுக்கமும் அதில் உறைந்துவிடும். ரிங் ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்: எறும்பின் பளபளக்கும் வயிற்றில் வெள்ளை வளையம் ஒன்று விழும், எந்த மென்பொருளாலும் அதை ஒழுங்காக அழிக்க முடியாது. சாதாரண ஃபிளாஷின் முன்னால் டிஷ்யூ காகிதமோ மெல்லிய வெள்ளை ஃபோம் தாளோ அகலமாக வளைத்துக் கட்டி, அதன் விளிம்பு லென்ஸ் நுனியைத் தாண்டி எறும்பின் தலைக்கு மேலே வரும்படி வையுங்கள். நான்கு செ.மீ. இடைவெளியில் அந்தத் தாளை நுழைக்கவே இடமிருக்காது. பன்னிரண்டில் தாராளமாக நுழையும்.