கோத்தகிரி வீட்டுச் சுவருக்கு டெகாவா, மத்தீஸா?

கோத்தகிரியில் புது வீடு கட்டியிருக்கும் தங்கைக்கு, ஹாலில் மாட்ட நடனக்காரர்கள் இருக்கும் ஓவியப் பிரின்ட் ஒன்று வேண்டுமாம். பார்த்துக் கழித்ததில் இரண்டு மிஞ்சின: எட்கார் டெகாவின் ‘நடன வகுப்பு’ (1874), ஆன்றி மத்தீஸின் ‘நடனம்’ (1910).

பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மத்தீஸ்தான் ஜெயிக்கிறார். பச்சைத் தரை, நீல வானம், செக்கச்செவேலென்று ஐந்து பேர் கைகோத்துச் சுற்றுகிறார்கள். முன்பக்கம் இருவரின் கைகள் மட்டும் எட்டியும் எட்டாமல் நிற்கும். அந்தச் சின்ன இடைவெளிதான் படத்தையே ஓடவைக்கிறது. ஹெத்தை பண்டிகையில் படகர்கள் வட்டம் கட்டி ஆடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர், இந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படாது. சிக்கல் வேறு இடத்தில். ஆடுகிறவர்கள் உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. மாமனார் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஹால் அது.

டெகாவைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆடும் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களுமாகச் சுமார் 24 பேர். ஒருத்தி ஆடிக் காட்ட, மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். கோலோடு நிற்கும் வாத்தியார் ழூல் பெரோ, ஐரோப்பாவே அறிந்த நடனக்காரர். நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆபெரா போஸ்டர் ஒட்டியிருக்கும். பிரின்ட் தரமானதா என்று பார்க்க அந்த மூலையைப் பாருங்கள். வெறும் கறையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

அளவில் மத்தீஸ் சுலபம். அசல் ஓவியம் 260 × 391 செ.மீ., ஏறக்குறைய 2:3 விகிதம். அதே விகிதத்தில் வரும் 24 × 36 அங்குல ரெடிமேட் பிரேமில் சின்னதாக்கிய பிரின்ட் கச்சிதமாக உட்காரும். டெகா 83.5 × 77.2 செ.மீ., கிட்டத்தட்டச் சதுரம். ரெடிமேட் பிரேமுக்காக வெட்டினால் ஓரத்து ஆட்கள் போய்விடுவார்கள். ஆனால் அசல் ஓவியம் இருக்கும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் (மெட்) மியூசியமே நல்ல தரத்தில் இலவசமாக டவுன்லோட் செய்ய விடுகிறது. 33 × 30 அங்குலத்தில் அடித்தால் ஏறக்குறைய அசல் அளவே வந்துவிடும். பிரேமை மட்டும் சொல்லிச் செய்ய வேண்டும், செலவு கொஞ்சம் கூடும்.

அப்புறம் ஈரம். மலையில் இதுதான் பெரிய விஷயம். காகிதம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளும், பழுப்புப் புள்ளி விழும். நடுவில் மவுன்ட் கட்டாயம், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை. பின்பக்கத்தை டேப் போட்டு மூடச் சொல்லுங்கள், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். காகிதத்துக்குப் பதில் கான்வாஸ் துணியில் அடித்தால், கண்ணாடி இல்லாததால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. ஆனால் உள்ளே இருக்கும் மரச்சட்டம் ஈரம் குடித்தால் துணி தொய்யும். நெசவின் சொரசொரப்பில் டெகாவின் குட்டி முகங்கள் காணாமல் போகும். மத்தீஸுக்கு அந்தக் கவலை இல்லை. எதுவானாலும் பிக்மென்ட் மையில் அடித்ததா என்று கேளுங்கள். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், சாதா மை சீக்கிரம் வெளுத்துவிடும்.

என் ஓட்டு ஹாலுக்கு டெகாதான்: காகிதம், மவுன்ட், கண்ணாடி, உள்சுவர். மத்தீஸை விட மனசில்லையென்றால் மாடிப்படிச் சுவர் இருக்கிறது. ஷூகின் என்ற வியாபாரியின் மாஸ்கோ மாளிகையில், படிக்கட்டுக்காகத்தான் அதை வரைந்தார். உங்கள் மாடிப்படிக்குக் கான்வாஸே போதும்.