கணினி கரோக்கிக்கு இரட்டை மைக் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

இருவர் போட்டி போட்டுப் பாடும் கரோக்கி விளையாட்டுக்காக வயர்லெஸ் மைக் ஜோடி தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மைக்குக்கும் பணம் போனது, அதைச் 'சரிசெய்ய' வந்த ஆளுக்கும் பணம் போனது.

விளம்பரத்தில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போட்டிருந்தார்கள்: இரண்டு மைக், ஒரே ரிசீவர், கணினி கரோக்கி விளையாட்டுகளில் இருவர் பாடலாம். நாங்கள் வைத்திருப்பது அல்ட்ராஸ்டார் டீலக்ஸ். சோனியின் சிங்ஸ்டார் என்ற கரோக்கி விளையாட்டின் பாணியில் உருவான இலவச விளையாட்டு. பாடுபவர் சுருதியை எவ்வளவு சரியாகப் பிடிக்கிறார் என்று பார்த்து மதிப்பெண் போடும். ஆளுக்கொரு வரிசை திரையில் ஓடும். என் மகள் மட்டும் பாடினாள். வாயே திறக்காத அவள் தம்பியின் வரிசையும் அப்படியே நிரம்பியது. இருவரும் சேர்ந்து பாடினால் இரண்டு வரிசையும் ஒன்றுபோலத் தடுமாறின. ஆசையாகக் காத்திருந்த பிள்ளைகள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

விற்றவர்களிடம் கேட்டால், விளையாட்டில்தான் கோளாறு என்றார்கள். அப்புறம் விண்டோஸ் ஒலி அமைப்பில் அந்த மைக்கின் விவரப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அதில் '2 சேனல், 16 பிட், 48000 ஹெர்ட்ஸ்' என்று இருந்தது. சேனல் என்றால் ஒலி வரும் தனிப் பாதை. "பாருங்கள் சார், இரண்டு சேனல் இருக்கிறது, எங்கள் பொருளில் குறையில்லை" என்று முடித்துவிட்டார்கள். ஏமாற்று இந்தப் பதிலில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சிங்ஸ்டாருக்காக வந்த யுஎஸ்பி மைக்குகளில் ஒன்றின் ஒலி இடது சேனலிலும் மற்றதன் ஒலி வலது சேனலிலும் தனித்தனியாக வரும். விளையாட்டின் ஒலிப்பதிவு அமைப்பில் முதல் சேனலை முதல் ஆளுக்கும் இரண்டாவதை அடுத்தவருக்கும் ஒதுக்கினால் வேலை முடிந்தது. எங்களுக்கு விற்றதோ ஸ்பீக்கரில் செருகிப் பேசும் வகை. ரிசீவருக்குள்ளேயே இரண்டு குரலும் கலந்து ஒரே ஒலியாகத்தான் வெளியே வருகிறது. அந்த ஒரே ஒலியைத்தான் கணினி இரண்டு சேனலிலும் நிரப்பிக்கொள்கிறது. ஆகவே '2 சேனல்' என்ற எழுத்து எதையும் நிரூபிக்காது. அப்படிக் கலந்து வந்த குரல்களை ஆள்வாரியாகப் பிரித்துத் தர எந்த டிரைவராலும் (கருவியைக் கணினியில் இயக்கும் மென்பொருள்) ஆகாது.

இது தெரிந்தோ தெரியாமலோ, அவர்கள் ஒரு 'தொழில்நுட்பக் குழு'வின் எண்ணைக் கொடுத்தார்கள். ரிமோட்டில், அதாவது இணையம் வழியாகத் தொலைவிலிருந்தே, கணினிக்குள் வந்த நபர் ஏதோ ஸ்கேனரை ஓடவிட்டு, சிவப்பு எழுத்தில் நீளமான பட்டியலைக் காட்டி, சவுண்ட் டிரைவர் பழுது என்று சொல்லி ஆண்டுச் சந்தா வாங்கிவிட்டார். டிரைவர்கள் விண்டோஸ் அப்டேட்டிலும் கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கும். அவர் போன பிறகு நிலைமை இன்னும் மோசமானது. இரைச்சல் குறைப்பு வசதியை முடுக்கிவிட்டுப் போயிருந்தார். பேச்சுக்காக உருவான அந்த வசதி, நீட்டிப் பாடும் சுரத்தைப் பின்னணி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடக்கூடும். மகள் ஒரு சுரத்தில் நின்றால் திரையில் கோடு பாதியிலேயே அறுந்தது. விண்டோஸ் ஒலி அமைப்பில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' பகுதியை அணைத்த பிறகுதான் அது நின்றது.

உண்மையை வெளியே கொண்டுவந்தது ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள். இடது, வலது சேனல்களைத் தனித்தனியாகக் காட்டும் ஸ்டீரியோவில் பதிவை ஓடவிட்டு, ஒரு மைக்கை விரலால் தட்டுங்கள், பிறகு மற்றதைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பக்க அலை மட்டும் எழ வேண்டும். எங்களுக்கு எதைத் தட்டினாலும் இரண்டு பக்கமும் அச்சு அசலாக எழுந்தன. அந்தப் பதிவை அனுப்பியதற்கு வந்த பதில்: "சத்தம் வருகிறதே சார், பிறகென்ன பழுது? பெட்டி பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்." விளம்பரப் படத்தையும் ஒலிப்பதிவையும் சேர்த்து வங்கியில் முறையிட்ட பிறகு மைக் பணம் திரும்பியது. ரிமோட் ஆளுக்குக் கட்டியது இன்றுவரை வரவில்லை.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: இரண்டு மைக்கின் ஒலியும் கணினிக்குத் தனித்தனியாக வருமா? பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு தனி யுஎஸ்பி மைக் போதும். கணினி அவற்றை இரண்டு தனிக் கருவிகளாகக் காட்டும், விளையாட்டில் ஆளுக்கொன்றாக ஒதுக்கிக்கொள்ளலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் பாடுகிறோம்.

மைக்கில் சத்தமே வரவில்லை என்றாலும் உடனே யாருக்கும் காசு கொடுத்துவிடாதீர்கள். விண்டோஸின் தனியுரிமைப் பகுதியில் டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினியில் உள்ள ஒற்றை 3.5 மி.மீ. துளை பெரும்பாலும் ஹெட்செட்டுக்கானது. சாதாரண கரோக்கி மைக்கை நேராகச் செருகினால் கணினி அதை ஹெட்ஃபோன் என்றே எடுத்துக்கொள்ளும், மைக்கையும் ஹெட்ஃபோனையும் பிரிக்கும் இணைப்பி வேண்டும். புளூடூத் மைக் என்றால் குரல் தாமதமாகப் போய்ச் சேரும், சரியாகப் பாடினாலும் மதிப்பெண் குறையும். அதற்கு விளையாட்டிலேயே மைக் தாமதத்தை ஈடுகட்டும் அமைப்பு இருக்கிறது.

ஏற்கெனவே யாரையாவது ரிமோட்டில் உள்ளே விட்டிருந்தால், அவர்கள் உள்ளே வரப் பயன்படுத்திய மென்பொருளை நீக்கிவிட்டு, மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருப்பார்கள், அதையும் வங்கியில் சொல்லி நிறுத்திவிடுங்கள்.