கோதுமைப் பூஞ்சைக்கு ஒரு மரபணு வகைப்படுத்தல் சேவை: ஆய்வகப் பயனரின் மதிப்பீடு

கோதுமை இலைகளில் செப்டோரியா கருகல் நோயை உண்டாக்கும் சைமோசெப்டோரியா ட்ரிட்டிசி என்னும் பூஞ்சையின் இரு திரிபுகளைக் கலந்து பெற்ற சந்ததிகளின் டி.என்.ஏ. மாதிரிகளை, ஐரோப்பாவில் இயங்கும் ஒரு தனியார் சேவைக்கு மரபணு வகைப்படுத்தலுக்காக, அதாவது டி.என்.ஏ.வின் எந்தப் பகுதி எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்று கண்டறிய, அனுப்பியிருந்தோம். மாதிரிகளைப் பெற்றதும் தரம் பார்த்துத் தெரிவித்ததிலும், சொன்ன தேதிக்குள் முடிவுகளை அனுப்பியதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அறிக்கையில் இருக்கிறது. குறிப்பான்கள் என்பவை டி.என்.ஏ.வில் இரு பெற்றோரையும் வேறுபடுத்திக் காட்டும் இடங்கள். இரு பெற்றோரின் வடிவங்களும் சந்ததிகளில் பாதிப் பாதியாக வரும் 1:1 விகிதத்திலிருந்து விலகும் குறிப்பான்களையும், பல மாதிரிகளில் வெற்றாக வரும் குறிப்பான்களையும் இச்சேவையின் வழக்கமான வடிகட்டி பழுதானவை என்று நீக்கிவிடுகிறது. பார்லிக்கோ மக்காச்சோளத்துக்கோ இது நியாயமான முறைதான். ஆனால் இந்தப் பூஞ்சையின் ஐ.பி.ஓ.323 திரிபிலுள்ள 21 குரோமோசோம்களில், 14 முதல் 21 வரையிலான எட்டும் இல்லாமலே பூஞ்சை உயிர்வாழக்கூடும்; இவற்றைத் துணைக் குரோமோசோம்கள் என்பார்கள். பாலினப்பெருக்கத்தின்போது அவை தொலைந்துபோவதும் உண்டு. மேலும், பெற்றோரில் ஒன்றிடம் மட்டுமே உள்ள துணைக் குரோமோசோம், மெண்டல் விதிப்படி சந்ததிகளில் பாதிக்கே சேர வேண்டும். அது பெண் பெற்றோரிடமிருந்து வந்தால் ஏறக்குறைய எல்லாச் சந்ததிகளுக்கும் சென்றுவிடுகிறது என்றும், ஆண் பெற்றோரிடமிருந்து வந்தால் பாதிக்கே செல்கிறது என்றும் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2018-இல் காட்டியது. இணையற்ற குரோமோசோம் கூடுதலாக ஒருமுறை நகலெடுக்கப்படுவதே காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். நாங்கள் தேடிய செய்தியே இதுதான். வடிகட்டி கழித்ததும் இதையேதான்.

மைட்டோகாண்ட்ரியா பெண் பெற்றோர் வழியே வருவதால், எந்தத் திரிபு பெண்ணாகச் செயல்பட்டது என்பதைக் காட்டும் மைட்டோகாண்ட்ரியக் குறிப்பான்கள்கூட, எந்த இணைப்புத் தொகுதியிலும் (ஒரே குரோமோசோமில் சேர்ந்து கடத்தப்படும் குறிப்பான்களின் குழு) சேரவில்லை என்ற காரணத்தால் விடுபட்டிருந்தன.

மூலக் கோப்பைக் கேட்டபோது கட்டணமின்றித் தந்தார்கள் என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும். அதில் 17-ஆம் குரோமோசோமின் குறிப்பான்கள் ஒரு சந்ததியில் ஒன்றுவிடாமல் வெற்றாகவும், அதற்கு அடுத்த சந்ததியில் முழுமையாகவும் இருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுபடுவது ஆய்வகப் பிழையாக இருக்கலாம். ஒரு குரோமோசோம் நெடுகிலும் விடுபடுவதை அப்படித் தள்ளிவிட முடியாது.

விலை நியாயமானது, மறுபடியும் இவர்களிடமே கொடுப்போம். பூஞ்சை ஆய்வாளர்கள் பணியை ஒப்படைக்கும்போதே விகித வடிகட்டியை நிறுத்தச் சொல்லி, பெற்றோர் இருவரின் மாதிரிகளையும் அதே தட்டில் இருமுறை வைத்து அனுப்புவது நல்லது.