தியானச் செயலியும் அதன் வருகைப் பதிவேடும்

மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்தக் கணத்தில் கவனத்தை நிறுத்தும் தியானம், கற்பிக்கும் ஒரு செயலியின் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்களே, வாங்கலாமா என்று தக்கலையிலுள்ள நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதே செயலியை ஓராண்டுக்கு மேலாகப் பயன்படுத்தி வருவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பாடத்தில் குறை சொல்ல இடமில்லை. நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்காக 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியின் வழியிலேயே அது செல்கிறது. உடலைப் பாதம் முதல் தலை வரை பகுதி பகுதியாகக் கவனிக்கும் பயிற்சிதான் எனக்குப் பெரிதும் உதவியது. குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகையில், வங்கிக் கடனும் மகளின் கல்லூரிக் கட்டணமும் ரப்பர் ஷீட்டின் விலையும் மரத்துக்கு மரம் கூடவே வரும். நான் பல்லைக் கடித்துக்கொண்டே வெட்டுகிறேன் என்பது அந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது பட்டையில் கத்தியை வைக்குமுன் தாடையைத் தளர்த்தி, மூச்சை மெல்ல வெளியே விடுகிறேன். கவலைகள் அப்படியேதான் இருக்கின்றன; எனினும் வெட்டு ஆழமாகி மரம் காயப்படுவது குறைந்திருக்கிறது.

என் பொறுமையைச் சோதிப்பது, இடைவிடாமல் எத்தனை நாள் அமர்ந்தோம் என்று முதல் திரையிலேயே காட்டும் எண். துக்க வீட்டுக்குப் போய் ஒரு நாள் தவறினாலும், ஐப்பசி மழையில் இணையம் போனாலும் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கண் செருகும் நேரத்தில் 'இன்றைய நாள் இன்னும் முடியவில்லை' என்று மணியடிக்கும். அமைதிக்காக அமர்ந்தவன் நாளடைவில் அந்த எண்ணைக் காப்பாற்றவே அமர்கிறான். புதிரை விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் அதில் காட்டிய ஆர்வம் குறைந்ததை உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-லேயே எழுதிவிட்டார். உளவியல் கற்பிக்கும் செயலியை உருவாக்கியவர்கள் அதைப் படித்திருக்க வேண்டாமா? எண்ணை மறைக்க வழி கேட்டு எழுதினேன். ஆலோசனைக்கு நன்றி கூறி, ஒரு பதக்கத்தின் படத்தை அனுப்பிவைத்தார்கள். கடலலை ஓசைக்குத் தனிக் கட்டணம் வேறு. முட்டத்துக்குப் பேருந்து ஏறினால் அது சும்மா கிடைக்கும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். உறக்கமின்மையோ எதிலும் நாட்டமின்மையோ வாரக்கணக்கில் நீடித்தால், எந்தச் செயலியையும் நம்பியிருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஆகவே, பாதி விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே நண்பருக்கு என் பதில். இலவசமாகக் கிடைக்கும் முதல் வாரப் பாடங்களைக் கற்றுக்கொண்டு நீக்கிவிடலாம். நான் மட்டும் நேற்றுச் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். பாடம் நடத்தும் அம்மையாரின் நிதானமான குரல் காதுக்குப் பழகிவிட்டது. அந்த எண்ணின்மேல் உள்ள கோபமும் தணியவில்லை.