பழைய கார் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ரீகால் வேலைக்கு என்னிடம் 28,700 ரூபாய் பிடுங்கினார்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று விட்டால் எழுதாமலே போய்விடுவேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். ரீகால் என்று கார் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு, காசே வாங்காமல் செய்து தரவேண்டிய வேலைக்கு என்னிடம் 28,700 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அது இலவச வேலை என்று தெரிந்தே வாங்கினார்கள். என்ன செய்தால் தப்பலாம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

கடை பேரைப் போடவில்லை. பழைய கார்களை வாங்கி, பாலிஷ் போட்டு, கண்ணாடி ஷோரூமில் வரிசையாக நிறுத்தி விற்கிற இடம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து பஸ் படி ஏற முடியவில்லை. திருநெல்வேலியில் டாக்டரைப் பார்க்கப் போக வர ஒரு வண்டி வேண்டும் என்றுதான் 4,60,000 ரூபாய்க்கு இந்தக் காரை எடுத்தோம். அன்றைக்குக் கடை முதலாளி நடந்துகொண்ட விதத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அம்மா காலை இழுத்து நடப்பதைப் பார்த்ததும் அவரே நாற்காலி கொண்டுவந்து போட்டார். தண்ணீர் கொடுத்தார். பிளாஸ்டிக் உறையில் போட்ட செக்கிங் ஷீட் ஒன்றை என் கையில் தந்தார். இன்ஜின், பிரேக், எரிபொருள் லைன் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் டிக். 'சன்ரூஃப்' என்ற வரியிலும் டிக் இருந்தது. அந்த வண்டியில் சன்ரூஃபே கிடையாது. காரைப் பார்க்காமலே போட்ட டிக் அவை என்று பிறகுதான் புரிந்தது.

ரீகால் பற்றி நான் வாய்விட்டே கேட்டேன். கம்பெனி திருப்பிக் கூப்பிட்ட வண்டியா, அப்படி ஏதாவது வேலை பாக்கி இருக்கிறதா என்று. அதற்கு அவர், "மக்களே, அதெல்லாம் பாத்து முடிச்சுதான் நான் வண்டிய உள்ள ஏத்துவேன். ஒண்ணும் கவலப்படாண்டாம். அம்மைய வச்சுட்டுப் போற வண்டி, நான் பொய் சொல்லுவேனா?" என்றார். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் அட்வான்ஸ் கொடுத்தோம்.

போன மாதம் திருநெல்வேலி போகும்போது ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே அணைந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பதிலே இல்லை, ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. பின்னால் கல் ஏற்றும் டாரஸ் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தது. தம்பி பலத்தையெல்லாம் போட்டுத் திருப்பி ஓரத்து மண்ணில் இறக்கினான். அந்த இடத்தில் காற்று அடிக்கிற அடியில் கதவைத் திறக்கவே முடியவில்லை. அம்மா உள்ளே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

கடைக்குப் போன் போட்டதும் முதலாளி உடனே வண்டி அனுப்பி இழுத்துக்கொண்டு போகச் செய்தார். அப்போது எவ்வளவு நன்றியாக இருந்தது தெரியுமா! "நம்ம ஆளு ஒர்க்‌ஷாப்தான், பாத்துக்கிடுவான்" என்றார். அந்த மெக்கானிக், "அக்கா, பெட்ரோல் பம்ப் போச்சு. டேங்க் இறக்கணும், இன்ஜெக்டர் எல்லாம் கிளீன் பண்ணணும்" என்று 28,700 ரூபாய் கேட்டார். கொடுத்தோம். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட ஒரு துண்டுத் தாள் வந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை. கழற்றிய பழைய பம்பையும் தரவில்லை.

பிறகும் காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனோம். அங்கே இருந்த அட்வைசர் சேஸிஸ் நம்பரை அடித்த உடனே கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "மேடம், இந்த வண்டிக்கு ஃப்யூல் பம்ப் கேம்பெயின் பெண்டிங்ல இருக்கே. ஏன் கொண்டு வரல?" கேம்பெயின் என்று அவர் சொன்னது ரீகாலைத்தான். பம்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சுழலி நாள்பட உப்பி, உறையில் உரசி நின்றுவிடுமாம். நின்றால் பெட்ரோல் ஏறாது, ஓட்டத்திலேயே இன்ஜின் அணையும். அதற்காகத்தான் கம்பெனியே இந்த வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் மாட்டியது கம்பெனி பம்ப்கூட இல்லை. சர்வீஸ் சென்டரில் புதுசு மாட்டினார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. மதியம் விட்ட வண்டி சாயங்காலம் கைக்கு வந்தது. வெளியே கொடுத்த 28,700 ரூபாய்க்குத் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கடைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் ஓனரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். கம்பெனியிலிருந்து கடிதம் வந்ததாகவும், வண்டியை விற்கும்போது அந்தக் கடிதத்தை ஆர்சி, இன்ஷூரன்ஸ் பேப்பர்களோடு சேர்த்துக் கடையில் கொடுத்து, 'இந்த வேலை பாக்கி இருக்கு' என்று வாயாலும் சொன்னதாகவும் அவர் சொன்னார். எங்கள் கைக்கு வந்த கவரில் அந்தக் கடிதம் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடையில் போய்க் கேட்டேன். முதலாளி வெளியூர் என்றார்கள். அடுத்த முறை போனபோது உள்ளேதான் இருந்தார், வெளியே வரவில்லை. மேனேஜர், "அது கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம், எங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல" என்றார். ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியது நீங்கள்தானே என்றால், "நீங்க கேட்டீங்க, நாங்க வழி காட்டினோம்" என்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் நீல டிக் ஆகி நிற்கிறது. கடைசியாக டெலிவரி நோட்டை எடுத்து நீட்டினார்கள், 'இருக்கும் நிலையில் வாங்கிக்கொள்கிறேன்' என்று அதில் அச்சடித்திருக்கிறதாம். பம்ப் நடுரோட்டில் நிற்கும் என்று தெரிந்த வண்டியில், கால் நடக்க முடியாத ஒரு அம்மாவை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு ஒரு வரி அச்சடித்த தாள் பதிலா?

ரீகால் என்பது சர்வீஸ் ஆஃபர் கிடையாது. தயாரிப்பிலேயே ஆபத்தான குறை இருக்கிறது என்று கம்பெனி ஒத்துக்கொண்டு, தன் செலவில் சரிசெய்வது. நம் நாட்டில் 2012-லிருந்து கம்பெனிகள் தாங்களாக முன்வந்து செய்துகொண்டிருந்தன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110A என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி அரசே உத்தரவு போட்டுத் திரும்பப் பெற வைக்கலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும், வண்டியின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து கம்பெனிக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் கடிதமும் போனும் கம்பெனி பதிவில் இருக்கும் ஓனருக்குத்தான் போகும். வண்டி கைமாறினால் இரண்டாவது ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இந்தச் சந்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

பம்ப் என்பதால் ஓரம் கட்டி உயிர் தப்பினோம். ஏர்பேக் ரீகாலாக இருந்தால்? ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குகளில் இருந்த அமோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கில் வெக்கையும் ஈரக்காற்றும் பட்டுக் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை ஓட்டுபவர் முகத்தில் பாய்ச்சியது. பல நாடுகளில் உயிர்கள் போயின, கோடிக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றார்கள், 2017-ல் அந்தக் கம்பெனியே திவால் ஆனது. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்திலேயே வண்டியை நிறுத்தி வைக்கிற நாம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, என்ன செய்தால் தப்பலாம் என்று எழுதுகிறேன் என்றேன், விவரமாக எழுதக் கை ஓடவில்லை. முக்கியமானது மட்டும்:

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்சியில் இருக்கும் 17 இலக்க சேஸிஸ் நம்பரைக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கார் கம்பெனி இணையதளத்தில் ரீகால் பகுதியில் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அந்தக் கம்பெனியின் ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து கேளுங்கள். அந்த நம்பரில் I, O, Q என்ற எழுத்துகள் வராது, வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான். எத்தனையாவது ஓனராக இருந்தாலும் ரீகால் வேலை இலவசம். வாங்கியதும் உங்கள் போன் நம்பரைக் கம்பெனியில் பதிந்துவிடுங்கள். வண்டி வழியில் நின்றால் கடைக்காரர் சொல்கிற ஒர்க்‌ஷாப்புக்கு விடாதீர்கள். கழற்றிய பாகத்தையும் ஜிஎஸ்டி பில்லையும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நானே போடப்போகிறேன். முதல் ஓனர் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இதே மாதிரி பம்ப் மாற்றக் காசு கட்டியவர்கள் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.