பிராக் நகரில் நடைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்: எங்களுக்குப் போனது 380 யூரோ

கடந்த சனிக்கிழமை பிராக் நகரில் 380 யூரோவைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். இன்று வியாழக்கிழமை. ஐந்து நாளாக மின்னஞ்சல், தொலைபேசி என்று மாறி மாறி மல்லுக்கட்டியும் ஒரு காசு திரும்பி வரவில்லை. 380 யூரோ என்றால் நம் ஊர்க் கணக்கில் 35,000 ரூபாய்க்கு மேல். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் அப்பாவுக்கு அது ஒரு மாத ஓய்வூதியம்.

பெற்றோரை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க நினைக்கும் வேறு யாரும் இந்தக் குழியில் விழக் கூடாது என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். முன்பதிவு செய்யும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர்களை எழுதவில்லை. பல நாட்டுச் சுற்றுலாக்களை ஒரே இடத்தில் விற்கும் ஓர் இணையதளம். அதில் கடை விரித்திருக்கும் ஓர் உள்ளூர் நடைச் சுற்றுலா நிறுவனம். இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்.

நானும் கணவரும் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் வசிக்கிறோம். அங்கிருந்து பிராக் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் இரண்டு மாதம் எங்களுடன் தங்க வந்திருந்தார்கள். அப்பாவுக்கு 71 வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வரலாறு நடத்தியவர். அம்மாவுக்கு 66, இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

பிராக் போகலாம் என்றதும் அப்பா கேட்டது ஒரே ஓர் இடம்தான். பழைய யூதர் குடியிருப்பான யோசெபோவில் இருக்கும் பிங்காஸ் தொழுகைக்கூடம். நாஜிகள் கொன்ற, இன்றைய செக் நாட்டின் பகுதிகளான பொஹேமியா, மொராவியாவைச் சேர்ந்த யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களை அதன் உட்சுவர்களில் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர், பிறந்த நாள், கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த நாள். "31 வருடம் அவர்களை வெறும் எண்ணாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒருமுறையாவது பெயராகப் பார்க்க வேண்டும்" என்றார். அதை ஒட்டியே பழைய யூதர் கல்லறைத் தோட்டம். அங்குள்ள மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கடைசி அடக்கம் நடந்தது 1787இல். இடம் போதாமல் மண்ணைக் கொட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அப்பா கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கோடு போட்ட 40 பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வோர் இடத்தின் பெயரையும் தலைப்பாக எழுதி, கீழே அரைப் பக்கம் குறிப்பெழுத இடம் விட்டிருந்தார். பிங்காஸுக்கு மட்டும் இரண்டு முழுப் பக்கம்.

தளத்தில் பார்த்த விளம்பரம் எங்களுக்காகவே எழுதியதுபோல் இருந்தது. நான்கு மணி நேரம், உங்கள் குடும்பத்துக்கு மட்டுமான தனி வழிகாட்டி, பிங்காஸும் கல்லறைத் தோட்டமும் அடங்கிய யூத அருங்காட்சியகமும் பிராக் கோட்டையின் உட்பகுதியும் நுழைவுச் சீட்டுடன், முதியவர்களுக்குக் கோட்டை ஏற்றத்தில் டிராம். ஆளுக்கு 95 யூரோ. நால்வருக்கு 380.

அப்போதும் நான் உடனே பணம் கட்டவில்லை. தளத்தின் வழியாகவே நிறுவனத்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன். வருகிற சனிக்கிழமை என்று தேதியோடு எழுதினேன். அம்மாவின் முழங்காலைப் பற்றியும் அப்பா என்ன பார்க்க ஆசைப்படுகிறார் என்பதையும் எழுதி, உள்ளே அழைத்துப் போவீர்களா என்று நேரடியாகவே கேட்டேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. சீட்டுகள் எல்லாம் தங்கள் கையில் தயார், அம்மாவுக்காக மெதுவாக நடப்போம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: "அந்தப் பெயர்களின் முன் உங்கள் தந்தை வேண்டிய மட்டும் நிற்கலாம், அவசரப்படுத்த மாட்டோம்." அந்த வரியை அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "நல்ல மனுசங்களா இருக்காங்களே" என்று அம்மா சொன்னார். அடுத்த நிமிடம் 380 யூரோ கட்டினேன். இதை எழுதும்போதும் அந்த ஒரு வரிதான் நெஞ்சில் குத்துகிறது. ஒரு முதியவரின் ஆசை என்னவென்று தெரிந்துகொண்டு, அதையே தூண்டிலில் கோத்திருக்கிறார்கள்.

காலை 10 மணிக்குப் பழைய நகரச் சதுக்கத்தில், வானியல் கடிகாரத்தின் அடியில் சந்திப்பு. வழிகாட்டி வந்தது 10.25க்கு. கழுத்தில் வழிகாட்டிக்கான அட்டை எதுவும் இல்லை. கூடவே பதினோரு பேர். தனிச் சுற்றுலா என்றல்லவா சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "இன்று சிறிய குழுதான்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அங்கேயே நின்று சண்டை போட்டிருக்க வேண்டும். பெற்றோர் முன்னால் முதல் ஐந்து நிமிடத்திலேயே சண்டை வேண்டாம் என்று விட்டேன்.

கடிகாரத்தைச் செய்த ஹனுஷ் என்ற கலைஞரின் கண்களை நகர மன்றத்தார் குருடாக்கிவிட்டார்கள் என்று வழிகாட்டி வரலாறுபோலவே சொன்னார். அது வெறும் கட்டுக்கதை. 1410இல் அதைச் செய்தவர் கடான் என்ற ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்று அப்பாவின் நோட்டிலேயே இருந்தது. நகர மண்டபத்தின் பக்கத்தில் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். ஹாப்ஸ்பர்க் பேரரசரை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள் வெள்ளை மலைப் போரில் தோற்ற பிறகு, 1621 ஜூன் 21 அன்று அந்தச் சதுக்கத்தில் கொல்லப்பட்ட அவர்களின் தலைவர்கள் 27 பேருக்கான அடையாளம் அது. வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் அவற்றின் மேலேயே நடந்து போனார். அப்பா மட்டும் நின்று, குனிந்து, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். அவரை விட்டுவிட்டுக் குழு போய்விட்டது; கணவர் ஓடிப்போய் அழைத்து வந்தார்.

யோசெபோவ் போய்ச் சேர்ந்தோம். பிங்காஸ் வாசல் பூட்டியிருந்தது. வெளியே பலகையில் தெளிவாக எழுதியிருந்தது: சனிக்கிழமைகளிலும் யூதத் திருநாள்களிலும் விடுமுறை. இந்த ஒரு சனிக்கிழமை மட்டுமில்லை, எல்லாச் சனிக்கிழமையும்! யூதர்களின் ஓய்வு நாள் என்பதால் பிராக் யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கூடங்களும் கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை திறப்பதே இல்லை. அந்த ஊரிலேயே தொழில் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாது என்று எந்தப் பிள்ளையாவது நம்புமா? இல்லாத சீட்டைக் கையில் தயாராக வைத்திருக்கிறோம் என்று எழுதி விற்றிருக்கிறார்கள். வழிகாட்டியைக் கேட்டேன். "ஆமாம், இன்று சனிக்கிழமை அல்லவா" என்று தோளைக் குலுக்கினார்.

கல்லறைத் தோட்டத்தின் மதில் ஓரமாக அப்பா கொஞ்ச தூரம் நடந்தார். உள்ளே மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. "உள்ளே போக முடியாதாம்மா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். இல்லை என்றதும் நோட்டை மூடிச் சட்டைப் பைக்குப் பதிலாக அம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டார். அன்று முழுக்க அதை வெளியே எடுக்கவில்லை. மறுநாள் ஞாயிறு காலை 8.30க்கு எங்களுக்குத் திரும்பும் ரயில். அருங்காட்சியகம் திறப்பது 9 மணிக்கு.

உண்மை முழுதாக வெளிவந்தது சார்லஸ் பாலத்தில். கிறிஸ்தவப் புனிதரான நெப்போமுக் யோவானின் சிலையின் கீழே இருக்கும் வெண்கலப் பலகையை எல்லோரும் தொட்டுத் தொட்டு அது பொன்போல் மின்னுகிறது. அங்கே வரிசையில் நிற்கும்போது எங்கள் குழுவில் இருந்த ஸ்பானியத் தம்பதியிடம், நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. அது கட்டணமில்லாத சுற்றுலா. முடிந்ததும் விருப்பப்பட்டதை வழிகாட்டியிடம் கொடுத்தால் போதும் என்றார்கள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். 380 யூரோ வாங்கிக்கொண்டு எங்கள் நால்வரையும் இலவசக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள்!

டிராமும் இல்லை. 22ஆம் எண் டிராம் கோட்டைக்கு அருகில் போகிறது. அதில் ஏற்றிவிடுகிறேன் என்றால்கூட ஒப்புக்கொண்டிருப்போம். "ஐந்து நிமிடம்தான்" என்று சொல்லிப் படிக்கட்டு வழியாக ஏற்றினார். அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். மேலே வந்து சேர்ந்தபோது குழுவைக் காணவில்லை. பேராலயத்தின் முன்முற்றத்தில் தேடிப் பிடித்தோம். 1344இல் தொடங்கி 1929இல் முடித்த புனித விட்டஸ் பேராலயம் அது. அதைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லிவிட்டு, "இங்கிருந்து உங்கள் விருப்பம்போல் பார்க்கலாம்" என்று வழிகாட்டி துணிப்பையை நீட்டினார். மணி 12.20. நான்கு மணி நேரச் சுற்றுலா இரண்டு மணி நேரம்கூட நடக்கவில்லை. கோட்டையின் முற்றங்களுக்கு யாருக்குமே கட்டணம் கிடையாது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் சீட்டு எங்கே என்று கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அம்மாவால் அதற்கு மேல் முடியவில்லை. அவர் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டார். மற்ற மூவருக்கும் நாங்களே வரிசையில் நின்று 1,200 கொருனாவுக்கு (செக் நாட்டு நாணயம்) சீட்டு எடுத்தோம். எழுத்தாளர் காஃப்கா 1916-17இல் உட்கார்ந்து எழுதிய, கோட்டைக்குள் இருக்கும் பொற்சந்து என்ற தெருவின் 22ஆம் எண் நீல வீட்டைப் பார்த்ததோடு அப்பா போதும் என்றுவிட்டார்.

இனி அதற்குப் பிறகு நடந்த கூத்து. சனி இரவு தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, நிறுவனத்தைத் தொடர்புகொள்ளவும்" என்று பதில். பணத்தை என் அட்டையிலிருந்து எடுத்தது யார்? இடைத்தரகர்தானே! நிறுவனத்துக்கு ஞாயிறு முழுக்க அழைத்து, மாலையில் ஒருவர் எடுத்தார். "பார்வையிடுதல் என்றால் அந்த இடத்துக்குப் போவது, உள்ளே நுழைவது என்று நாங்கள் சொல்லவில்லை" என்றார். எழுத்தில் வந்த செய்தியைப் படித்துக் காட்டினேன். அது விற்பனைப் பிரிவு எழுதியதாம், அவர்களைக் கட்டுப்படுத்தாதாம். கூடவே இன்னொரு வாதம்: "கடைசிவரை வழிகாட்டியோடு நடந்தீர்கள் அல்லவா? அப்படியென்றால் சேவையைப் பெற்றுக்கொண்டீர்கள்."

திங்கட்கிழமை விளம்பரத்தைத் திறந்து பார்த்தால், நுழைவுச் சீட்டு உட்பட என்று இருந்த இடத்தில் "சீட்டு தனி" என்று மாறியிருக்கிறது. பழைய பக்கத்தை நான் படம் பிடித்து வைக்கவில்லை. உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் சுற்றுலாவின் பெயரும் நேரமும் தொகையும் தவிர வேறெதுவும் இல்லை. செவ்வாய் அன்று தளத்திலிருந்து இன்னொருவர், தேதி குறித்து வாங்கும் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு ஐரோப்பியச் சட்டப்படி 14 நாள் ரத்து உரிமை கிடையாது என்று பாடம் நடத்தினார். நான் மனம் மாறி ரத்து செய்யவா கேட்டேன்? விற்ற பொருளைக் கொடுக்கவில்லை என்கிறேன். நேற்று வந்ததுதான் உச்சம்: நல்லெண்ண அடிப்படையில் 38 யூரோவுக்கு ஒரு கூப்பன், ஆறு மாதத்துக்குள் அதே நிறுவனத்தின் இன்னொரு சுற்றுலாவில் பயன்படுத்திக்கொள்ளலாமாம். 380 யூரோவைத் தின்றுவிட்டு 38 யூரோ கூப்பன்!

கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரச் சொல்லிக் கடன் அட்டை நிறுவனத்தில் மறுப்புப் புகார் கொடுத்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கடையில் வாங்கி ஏமாந்தவர்களுக்காக ஒவ்வோர் உறுப்பு நாட்டிலும் ஐரோப்பிய நுகர்வோர் மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஜெர்மனியில் உள்ள மையத்துக்கும் நேற்றிரவு எழுதினேன்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், நேரமில்லை. அவசரமாகச் சில மட்டும். பணம் கட்டும் அன்றே விளம்பரப் பக்கம் முழுவதையும் படம் பிடித்து வையுங்கள். பார்க்கப்போகும் இடத்தின் விடுமுறை நாளை அந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் பாருங்கள். பிராக் யூதர் பகுதி என்றால் சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். நுழைவுச் சீட்டை நீங்களே நேரடியாக எடுங்கள், வழிகாட்டிக்கு மட்டும் தனியாகக் கொடுங்கள். வந்தவரிடம் அட்டை இல்லை, தனிச் சுற்றுலா என்ற இடத்தில் கூட்டம் நிற்கிறது என்றால் ஓர் அடிகூட நடக்காதீர்கள். அங்கேயே நின்று தளத்துக்கு எழுதுங்கள். நடந்துவிட்டால் அதையே உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள்.

நாளைக் காலை அப்பா அம்மாவுக்கு விமானம். அம்மாவின் முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று இப்போதே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.