துபாய் போனா, ராமநாதபுரம் போனா? உப்புக்காற்று ஊர்க்காரனின் கணக்கு

நான் போன் வாங்கியது ராமநாதபுரத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி எழுதப்போவது எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். துபாய் போயிருந்தபோது அதே மாடலைக் கையில் எடுத்துப் பார்த்தேன், விலையும் கேட்டேன், வாங்காமல் வந்துவிட்டேன். மச்சானுக்கு இன்னும் ஆறவில்லை. அங்கேயே வேலை பார்க்கிறவன், லீவுக்கு வரும்போதெல்லாம் யாருக்காவது போன் வாங்கி வருகிறவன். “ஊர்ல போய் கூடக் காசு குடுத்து வாங்கப் போறீங்களாக்கும் மச்சான்?” என்று கடை வாசலிலேயே கேட்டுவிட்டான்.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை நெடுக சபராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர், இல்லாத தெரு குறைவு. அதனால் போன் வாங்க நினைத்தவுடன் முதலில் எழும் கேள்வி எந்த மாடல் என்பதல்ல, யார் எப்போது வருகிறார்கள் என்பதுதான். அந்தக் கேள்விக்குச் சென்னையில் இருப்பவர் சொல்லும் பதில் இந்தக் கரையில் மண்டபம் என்ற ஊரில் இருப்பவனுக்குச் சரிவராது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

விலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். துபாயில் குறைவுதான். அங்கே வாட் வரி 5 சதவீதம். இங்கே 2020 ஏப்ரலிலிருந்து போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வெளியிலிருந்து இறக்குமதியாகும் போன் என்றால் அதற்கு மேல் சுங்கவரியும் உண்டு. 2024 பட்ஜெட்டில் அது 20-லிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டி ஏற்றுமதி செய்துகொண்டிருக்கிறார்கள், நாம் துபாயில் இருந்து வரவழைத்துக்கொண்டிருக்கிறோம். அது வேறு கதை. சுற்றுலா விசாவில் போனவருக்கு அந்த 5 சதவீதத்திலும் பெரும்பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்க வேண்டும். அங்கே வேலை விசாவில் இருக்கும் மச்சானுக்கு அந்தச் சலுகை இல்லை. பலர் இதைக் கவனிப்பதில்லை.

இந்தப் பக்கம் வங்கிக் கார்டு தள்ளுபடி, பழைய போன் எக்ஸ்சேஞ்ச், வட்டியில்லாத் தவணை எல்லாம் சேர்த்தால் வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும். சொந்தமாகத் தொழில் செய்து ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர் பில்லில் எண்ணைப் போட்டு வாங்கினால், தொழிலுக்கான போனுக்குக் கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கேள்வியே கிடையாது, ஊரிலேயே வாங்கிவிடலாம். எனக்கு அந்த எண் இல்லை.

சுங்கத்தை மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம். வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பு 2016 பேக்கேஜ் விதிகளில் 50,000 ரூபாயாக இருந்தது, 2026 பிப்ரவரியில் வந்த புது விதிகளில் 75,000 ஆனது. உயர்ரக போன் ஒன்றே அதைத் தாண்டிவிடும். கிளம்பும் முன் அன்றைக்கு என்ன வரம்பு என்று பார்த்துக்கொள்வது நல்லது. “டப்பாவைப் பிரிச்சுக் கையில வச்சுக்கிட்டா கேக்க மாட்டாங்க” என்று மதுரை விமான நிலைய அனுபவத்தைச் சொல்ல எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. கேட்காமலும் விடலாம், கேட்டும் விடலாம்.

இனி உப்புக்கு வருகிறேன். எனக்கு முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

எங்கள் பக்கம் வாங்கிய நாலாம் மாதமே பைக் சைலன்சர் செம்பழுப்பாகிவிடும், ஏசி வெளிப்பெட்டியின் தகடு உதிரும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், மூடியில்லாமல் திறந்தே கிடக்கும் யுஎஸ்பி-சி துளை எம்மாத்திரம்.

அந்தத் துளைக்குள் நடப்பது இதுதான். மொத்தம் 24 முனைகள், மயிரிழை இடைவெளியில். கடற்காற்றில் வரும் உப்புத் துகள் அதில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து நிற்கும். எங்கள் ஊரில் ராத்திரிக் காற்றுக்கு அது சாதாரணம். அந்த நேரம் பார்த்துத்தான் எல்லாரும் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கிறோம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் முலாம் கரைந்து கீழே உள்ள செம்பில் களிம்பு ஏறும். விரைவு சார்ஜர் என்றால் மின்னழுத்தம் இன்னும் கூடுதல். முதல் அறிகுறி, ஒயரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். அடுத்தது, போன் காய்ந்துதான் இருக்கும், திரையில் “ஈரம் உள்ளது” என்று எச்சரிக்கை வரும்.

“ஐபி68 போட்டிருக்கே” என்பார்கள். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் குறியீடு அது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல்நீருக்கும் கடற்கரைக்கும் ஆகாது என்று கம்பெனிகளே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அரிசி மூட்டையில் புதைப்பதும் வேண்டாம். துகள் உள்ளே போகும் என்று 2024-இல் ஆப்பிளே சொல்லிவிட்டது.

மாமாவின் போன் இப்படித்தான் போனது. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து தந்தது. ஒயரைச் சாய்த்து, அடியில் தீப்பெட்டி முட்டுக்கொடுத்துச் சில வாரம் ஓட்டினார். அப்புறம் அதுவும் முடியாமல் மதுரைக்கு எடுத்துப் போனோம். சர்வீஸ் கவுண்டரில் இருந்த தம்பி உருப்பெருக்கிக்கு அடியில் துளையைக் காட்டினான். ஒரு ஓரத்து முனைகள் மட்டும் பச்சையாகப் பூத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. வாரண்டியில் வராது என்றான். அது நியாயம்தான், அரிப்பும் தண்ணீரும் எந்த நாட்டு வாரண்டியிலும் வராது. ஆனால் காசு கொடுக்கிறோம், மாற்றித் தாருங்கள் என்றபோதும் கையை விரித்துவிட்டான். இந்த மாடல் எண் இங்கே விற்பதில்லை, பார்ட் வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கடைசியில் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு கடையில் சார்ஜிங் போர்டை மாற்றினோம். வேலை சுத்தம், போன் ஓடுகிறது. ஆனால் ஒருமுறை பிரித்த போனில் பழைய நீர்த்தடுப்பு ஒட்டு கிடையாது. இனி வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய போன் அது.

வாரண்டி எப்படியும் உப்புக்குக் கைகொடுக்காது என்றால் ஊர் பில்லுக்கு என்ன பெருமை என்று மச்சான் கேட்டான். நல்ல கேள்வி. வாரண்டிக்கு மேலே தனியாகக் காசு கட்டி எடுக்கும் பாதுகாப்புத் திட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. கீழே விழுந்து உடைந்ததும் தண்ணீர் புகுந்ததும் அதில் வரும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிறு கட்டணம் மட்டும். சாம்சங் கேர் பிளஸ் இங்கே வாங்கிய போனுக்குத்தான். ஆப்பிள்கேர் பிளஸ் என்றால் வாங்கிய 60 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். சாம்சங் வாரண்டியே நாட்டோடு கட்டுப்பட்டது. ஐபோனுக்குப் பல ஊரிலும் பார்த்துத் தருவார்கள் என்றாலும், வாங்கிய நாட்டோடு நிறுத்திக்கொள்ளும் உரிமையை ஆப்பிள் தன் வாரண்டி விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. சரி, மெல்ல மெல்ல ஏறிய களிம்பை “இது விபத்து இல்லை, தேய்மானம்” என்று தள்ளிவிடவும் இடம் இருக்கிறது. இதுவரை எனக்கு க்ளெய்ம் போடும் நிலை வரவில்லை, அதனால் அந்தப் பக்கத்தை அடித்துச் சொல்ல மாட்டேன். நான் கட்டியிருப்பது, போன் தண்ணீரில் விழுந்தால் போய் நிற்க மதுரையில் ஓர் இடம் இருக்கிறது என்பதற்காக.

இன்னொன்று சிம். 2025-இல் வந்த ஐபோன் 17 வரிசை அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் எல்லாவற்றிலும் இ-சிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம், மட்டும்தான். சிம் செருகும் தட்டே கிடையாது. இந்தியாவில் விற்கும் 17-இல் தட்டு உண்டு. நாட்டுக்கு நாடு வித்தியாசம் இல்லாமல் எங்குமே தட்டில்லாதது ஏர் மாடல்தான். ஒரு துளை குறைந்தால் உப்புக்கு ஒரு வாசல் குறைவு, அது அந்தப் போனுக்கு நல்லதே. ஆனால் போன் படுத்துவிட்ட அன்றைக்கு யோசித்துப் பாருங்கள். சிம்மை உருவி வீட்டில் கிடக்கும் பட்டன் போனில் போட்டால் பேச்சும் வங்கி ஓடிபியும் ஓடிக்கொண்டே இருக்கும். மாமாவின் போன் மதுரையில் கிடந்தபோது நாங்கள் செய்தது அதுதான். இ-சிம் என்றால் செத்த போனிலிருந்து எதை உருவுவது? ஆதாரோடு கடைக்குப் போய் மாற்று சிம் வாங்க வேண்டும். மாற்றிய சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் கொண்டுவந்த விதி. அந்த ஒரு நாள் ஓடிபி கிடையாது. வெளிநாட்டில் இருக்கும்போது இது நடந்தால் கடைக்குக்கூடப் போக முடியாது.

பயணத்துக்கும் எனக்கு வசதியாக இருப்பது இந்த ஏற்பாடுதான். ஊர் சிம் தட்டில், போகிற நாட்டு நெட் இ-சிம்மில். ஊர் எண்ணில் ரோமிங் மட்டும் திறந்து, டேட்டாவை அடைத்து வைத்தால் போதும். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போகிறவர்களும் டேட்டா ரோமிங்கை அடைத்து வைப்பது நல்லது. தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான், இலங்கை டவர் சில நேரம் போனைப் பிடித்துக்கொள்ளும்.

அமீரக ஐபோனில் இன்னொரு சிக்கல் ஃபேஸ்டைம். அங்கே விற்கும் போனில் அது வராமல் போகலாம் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. அங்கே வாட்ஸ்அப் அழைப்பும் சரியாகப் போகாது என்பது சபராளி வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜப்பானில் விற்கும் போனில் அங்கே இருக்கும்போது கேமரா சத்தத்தை அணைக்க முடியாது. ஹாங்காங் ஐபோனில் இரண்டு நிஜ சிம் போடலாம். அது எனக்குப் பிடிக்கும், வாங்கித் தர ஆள்தான் இல்லை. கையில் இருப்பது எந்த ஊர் ஐபோன் என்று பார்க்க செட்டிங்ஸில் மாடல் எண் இருக்கிறது. அதில் சாய்கோட்டுக்கு முந்தைய எழுத்துகள் எச்என் என்றால் இந்தியா, எல்எல் என்றால் அமெரிக்கா.

மறுவிற்பனையிலும் ஊர் பில் ஜெயிக்கிறது, ஆனால் பெரிய தொகை இல்லை. ஜிஎஸ்டி பில்லும் டப்பாவும் இருந்தால் கடைக்காரர் பேரத்தைச் சீக்கிரம் முடிப்பார். வெளிநாட்டு செட் என்றால் பில்லையே இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார். பழைய போன் வாங்குகிறவர்கள் எந்த ஊர் செட்டானாலும் ஐஎம்இஐ எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

துபாய் போன் யாருக்குச் சரி? அங்கேயே இருப்பவருக்குத்தான். மச்சான் தனக்காக வாங்கியதில் ஒரு குறையும் இல்லை. அவன் சர்வீஸ் அங்கே, சிம் அங்கே, ஊருக்கு வருவது ஒரு மாதம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறவர்கள், ரிப்பேர் வந்தால் தூக்கிப் போடத் துணிந்தவர்கள் என்றாலும் சரி. என் போல ஒரே போனை நாலைந்து வருஷம் இழுக்கிறவனுக்கு மிச்சம் பிடித்த காசு ஒரு ரிப்பேரில் போய்விடும்.

எங்கே வாங்கினாலும் எங்கள் பக்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வயர்லெஸ் சார்ஜ் ஏறும் மாடலாகப் பார்த்து வாங்கி, தினசரி சார்ஜைத் துளைக்குக் கொடுக்காதீர்கள். மெதுவாக ஏறும், கொஞ்சம் சூடாகும், பரவாயில்லை. துளைக்கு ஒரு ரப்பர் அடைப்பான் போட்டுவிடலாம். படகில் போய்வந்த அன்று நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகே ஒயர் செருகுங்கள். மடக்கு போனை நான் ஒரு வாரம்கூட வைத்திருந்ததில்லை. ஆனால் சாம்சங் ஃபோல்டு 6-க்குக் கொடுத்தது ஐபி48. அந்த 4 என்பது ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகளுக்கு மட்டும் காவல். எங்கள் கரை மணல் அதைவிடப் பொடி.

போனைத் தவிர மற்றதில் நான் மச்சான் பக்கம். பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை மற்ற வரம்போடு சேர்க்காமல் தனியாக வரியில்லாமல் கொண்டுவரலாம், மேக்புக் வாரண்டி எங்கும் செல்லும். கீபோர்டில் அரபி எழுத்தும் இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். கேமரா லென்ஸ், ஹெட்போன் எல்லாம் தாராளமாக வாங்கி வரலாம். ட்ரோன் வேண்டாம்; இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலேயே தடை வந்துவிட்டது, எங்கள் பக்கம் உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் வேறு. துபாய்க் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற துரையா மாதிரி சாட்டிலைட் போனைக் கனவிலும் நினைக்காதீர்கள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் நம் நாட்டில் குற்றம், அதிலும் இந்தக் கரையில் அதை வைத்துக்கொண்டு யாருக்கும் விளக்கம் சொல்லி மாளாது. அடுத்த லீவுக்கு மச்சானிடம் நான் சொல்லி வைத்திருப்பது ஒரு லேப்டாப்தான்.